மாமனார் பெயரில் ஓடிய தண்ணீர்

நாற்பத்தேழு நிமிடம். ஒரு தவறான செய்தி அறுநூற்று நாற்பது கைபேசிகளில் அவ்வளவு நேரம் உலவியது. அய்ஸிரெக் பட்டத்துக்காகத் தரவேண்டிய தன் படைப்புத் தொகுப்பின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைத்தான் பெரிதாக அச்சிட்டிருந்தாள். நாரின் நகரக் கல்லூரியில் அவளுடன் தகவல் தொடர்பு படித்த மற்ற பதின்மூன்று பேரும் பரிசு வாங்கிய படங்களோடு தொடங்கியிருந்தார்கள். தொகுப்பு தேறாவிட்டால் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

"என்னம்மா இது? வாங்கிக் கட்டிக்கிட்டத முதல்ல வச்சிருக்க!" என்றார் தேர்வாளர் குபாத். வட்டார வானொலியின் செய்தி ஆசிரியர்.

"கேட்டுட்டுத் திட்டுங்க, பைகே." அண்ணன் முறை வைத்துத்தான் அவரை எல்லோரும் அழைப்பார்கள். அவள் ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

ஏப்ரல் மாதம் அது. சுகாதார அலுவலகத்தில் அவளுக்குப் பயிற்சி. மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஆடுகளைக் குளிப்பாட்டும் மருந்துத் தொட்டி கவிழ்ந்துவிட்டதாகத் தகவல் வர, அங்குள்ள ஜானில் என்ற பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மருந்து பூரா ஓடுறதுல கலந்துடுச்சும்மா. எங்க ரெண்டு பசங்களும் வாந்தி எடுக்குதுங்க" என்றது குரல்.

ஓடுவது என்றால் ஆறுதானே? தலைநகர் பிஷ்கெக்கின் அடுக்குமாடியில் வளர்ந்தவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "ஆற்று நீரைக் குடிக்காதீர்கள்" என்று தெளிவாக, அழகாக வாசித்துப் பதிவுசெய்து, அந்த வட்டாரக் கைபேசிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

ஜானில் மறுபடி கூப்பிட்டாள். "ஆத்துத் தண்ணிய இங்க யாரும்மா குடிக்கிறா? அது அரை மணி நேரம் நடக்கணும். நான் சொன்னது வீட்டு வாசல்ல ஓடுறத!"

"அதுக்கு ஒரு பேரு இருக்குமேக்கா?"

"இருக்கு. என் வாயால சொல்ல முடியாது. மாமனார் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு!"

மாமனார் பெயர் அரிக்பாய். அரிக் என்றால் வாய்க்கால். மாமனார் பெயரையும் அதற்குள் இருக்கும் சொல்லையும் மருமகள் உச்சரிக்கக் கூடாது. பதினோரு வருடமாக ஜானிலுக்கு வாய்க்கால் வெறும் 'ஓடுறது'தான்.

"போன அவர்கிட்டயே குடுங்கக்கா."

அடுத்த பதிவு ஓடியது, அதே கைபேசிகளுக்குப் போன திருத்தம். "நான் அரிக்பாய் பேசுறேன். அரிக்குல விஷம் கலந்திருக்கு. என் பேர்ல ஓடுற தண்ணிய ஒருத்தனும் தொடாதீங்க. ஆட்டுக்கு வச்ச மருந்து அது. குடிச்சா மே-ன்னு கத்த வேண்டியதுதான்!"

தேர்வாளர்கள் மூவரும் சிரித்தார்கள். அய்ஸிரெக் சிரிக்கவில்லை. அந்த நாற்பத்தேழு நிமிடத்தில் வாய்க்கால் நீரில் தேநீர் போட்டுக் குடித்தவை மூன்று வீடுகள். மறுநாள் காலை வேன் பிடித்துப் போய், மூன்று வீட்டிலும் நலம் விசாரித்து மன்னிப்புக் கேட்டிருந்தாள். ஜானிலின் பிள்ளைகள் உட்பட எல்லோரும் தேறியிருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் அவள் சொன்ன பதில்களும் அடுத்த பக்கத்தில் இருந்தன.

"கிழவரோட பதிவு மட்டும் போதாதா? தப்பையும் காட்டி மார்க்கைக் கெடுத்துக்கணுமா?" என்றார் விரிவுரையாளர் சோனுன். மாணவர்களுக்கு அவர் எஜே, அதாவது அக்கா.

"பேட்டி, கட்டுரை, படம் எல்லாம் பின்னாடி இருக்கு, எஜே. அதெல்லாம் எனக்கு வரும்னு உங்களுக்கே தெரியும். தப்பு பண்ணினா ஓடி ஒளிய மாட்டேன்னு வேற எப்படிக் காட்டுறது?"

குபாத் நாற்காலியில் நிமிர்ந்தார். "எந்த இடத்துல நீ நின்னு கேட்டிருக்கணும்?"

"'ஓடுறது'ன்னாங்களே, அங்க. எங்க ஓடுது, யாரு குடிக்கிறாங்கன்னு ரெண்டே கேள்வி."

"எங்கப்பா பேரு தெமிர், அப்படின்னா இரும்பு. என் பொண்டாட்டி இருபத்தெட்டு வருஷமா இரும்பக் 'கறுப்பு'ன்னுதான் சொல்றா. கறுப்ப எடுத்துட்டு வாங்கன்னா எனக்கே இன்னும் கோடாலியா, வாணலியான்னு புரியல. உனக்கு ஒரே நாள்ல புரிஞ்சிருக்கு!" என்றார் குபாத்.

மூவரும் கையெழுத்திட்டார்கள். பதினான்கு தொகுப்புகளில் அதிக மதிப்பெண் அவளுடையதற்கே. தாளை வாங்கியபோது அவள் முதுகு தானாக நேராகியிருந்தது.

குபாத் வேலைக்கு அழைத்ததில், திங்கட்கிழமை முதல் வட்டார வானொலியின் காலை ஏழு மணிச் செய்தியை அய்ஸிரெக் வாசிக்கிறாள்.