ஊறுகாய் பாட்டிலில் கரைந்த கல்

அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தாலும் முகத்தில் தெரியாது. தெரிந்திருந்தால் நான் அந்தக் காரியத்தைச் செய்திருக்கவே மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பா வேலை பார்த்த அணு ஆராய்ச்சி நிலையத்தின் அணுபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு பால்கனியில் நான்கு ஊறுகாய் பாட்டில்கள் இருந்தன. எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாத பாட்டில்கள். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர், ஒன்றில் உப்பங்கழியின் சேற்றுத் தண்ணீர். நான்காவதில் குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர். அப்பா கேட்டாரே என்று, அதை எங்களுக்கு மீன் கொண்டுவரும் குப்பத்து மீன்கார அம்மா ஒரு கேனில் சுமந்து வந்து தந்திருந்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் சுண்டைக்காய் அளவு ஒரு கல் கிடந்தது. ஆய்வகத்தில் அப்பா செய்த கல். அங்கே மெஷினுக்குள்ளும் இதே சோதனை நடந்தது. ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் என்ன ஆகிறது என்று தன் கண்ணால் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கற்களை இடுக்கியால் எடுத்து, காயவைத்து, சின்னத் தராசில் நிறுப்பார். அம்மா சமையலறையிலிருந்தே "கரைஞ்சுதா?" என்று கேட்பாள். "ம்ஹூம்" என்று சொல்லிவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவார். ஒரு வருஷமாக இதே கதை. சேற்றுத் தண்ணீர்க் கல் மட்டும் ஒருமுறை துளி இளைத்திருந்தது. மக்கிய இலை தழை ஊறிய தண்ணீர் புளித்துப்போய்க் கல்லைக் கொஞ்சம் அரிக்குமாம். கடல் தண்ணீர் அப்படிச் செய்யாதாம். அப்பா சொன்னார், நாங்கள் தலையாட்டினோம். இது கரைய வேண்டிய கல்லா, கரையக் கூடாத கல்லா என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

"பாவம் மனுஷன், ஆபீஸ்ல என்ன பேச்சு வாங்குறாரோ" என்று அம்மா பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளையாரும் அசையவில்லை.

ஒருநாள் நான் எலுமிச்சம்பழத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். "பல்லு கரைஞ்சிடும். அந்தக் கல்லும் உன் பல்லும் ஒரே ஜாதி, பாஸ்பேட்" என்றார் அப்பா. அவ்வளவுதான், எனக்கு வழி பிறந்துவிட்டது. மறுநாள் அம்மா மாடியில் துணி காயப்போடும் நேரத்தில் மூன்று பழங்களை, கைக்கு எட்டிய கிணற்றுத் தண்ணீர் பாட்டிலில் பிழிந்தேன். ஊறுகாய் வாடையில் எலுமிச்சை வாடை யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்த ஞாயிறு அப்பா கிணற்றுத் தண்ணீர்க் கல்லை மூன்று முறை நிறுத்தார். பிறகு "கரைஞ்சிடுச்சு" என்றார்.

அம்மா உடனே ரவையை வறுக்கத் தொடங்கினாள். நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். கேசரித் தட்டை அம்மா நீட்டியபோது அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கரைஞ்சிடுச்சே."

அப்பாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவர் அழுது நான் பார்த்ததேயில்லை.

"நான்தாம்பா... எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்."

"எத்தனை பழம்?"

"மூணு."

"மூணா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தட்டை வாங்கி கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். அம்மா கரண்டியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றாள்.

அன்றுதான் அவர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். அணு உலைக் கழிவின் விஷத்தைக் கல்லுக்குள்ளேயே சேர்த்து இறுக்கிப் புதைத்துவிட முடியுமா என்று பார்க்கிறார்கள். பால்கனியில் இருப்பது விஷம் சேர்க்காத வெறுங்கல். அது எந்தத் தண்ணீரிலும் கரையக் கூடாது; கரைந்தால், விஷம் சேர்த்த கல்லும் ஒருநாள் மண்ணுக்குள் கரைந்து கிணற்றில் கலந்துவிடும். ஆக, ஒரு வருஷமாக அவர் சொன்ன "ம்ஹூம்" எல்லாம் நல்ல செய்தி. அம்மா அவரை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை மீன்கார அம்மா வந்ததும் அப்பா காலிக் கேனை நீட்டினார்.

"இன்னா சாரு, திரும்பவும் தண்ணியா? மீனு வாங்குறது கால் கிலோ, தண்ணி மட்டும் கேன் கேனா சொமந்துகினு வரணுமா?"

"உங்க பேத்தியோட பேத்தி குடிக்கிற வரைக்கும் அந்தக் கிணறு நல்லா இருக்கணும்ல" என்றார் அப்பா.

"மொதல்ல எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவட்டும் சாரு. பேத்தியே இன்னும் பொறக்கல, அவளுக்குப் பேத்தியாம்."

கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் பாட்டுக்கு உள்ளே போய் நான்காவது பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷ உழைப்பு வீணாகிவிட்டதே என்றுதான் அப்பா அன்று அழுதார் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் பிறக்காத ஒரு மீன்காரப் பெண்ணின் குடத்தை நினைத்து ஒருவர் அழ முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.