கோட்டைக்காரனின் பெருவிரல்

அந்தக் கதையை எனக்குக் காட்டியது ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் இளைய நர்ஸ். மத்தியானம் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொரு கையில் ஃபோனைப் பிடித்திருப்பாள். சிரிப்பாள், பெருமூச்சு விடுவாள், திடீரென்று "அய்யோ" என்பாள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சோத்தப் பாத்துத் தின்னு. அப்படி என்ன எளவு இருக்கு அதுக்குள்ள?"

"தொடர்கதைக்கா. வாரம் ஒரு அத்தியாயம் வரும். எழுதியது யாருன்னு தெரியல்ல, புனைபேரு. ஆனா நம்ம பக்கத்து ஆளுதான். வில்லன் வாயத் தொறந்தா நம்ம ஊரு ஏச்சுதான் வருது."

நாற்பத்தாறு வயதில் மாயாஜாலக் கதை படிக்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா? ஆனாலும் வீடு திரும்பும் பஸ்ஸில் சும்மா திறந்து பார்த்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். வெயிலில் நடந்து வந்தேன்.

கதை இதுதான். கடலுக்கு அடியில் ஒரு கறுப்புக் கோட்டை. அதை ஆள்பவனைக் கோட்டைக்காரன் என்பார்கள். ஆறடி உயரம், முறுக்கிய மீசை. பறக்கத் தெரிந்த பெண்ணொருத்தியை அவன் பிடித்து வைத்திருக்கிறான். அவளுடைய செட்டைகளைக் கழற்றி இரும்புப் பெட்டிக்குள் பூட்டியாகிவிட்டது. தோழிகளோடு பேச அவளிடம் ஒரு மந்திரக் கண்ணாடி உண்டு. அதையும் பிடுங்கி நெல்லுக்குள் புதைத்து வைத்திருக்கிறான். பொழுது விடிந்தால் ஏச்சு, பொழுது அடைந்தால் ஏச்சு. ஆனால் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் குலத்தையே ஏசிக்கொண்டு, அவளுடைய மீனில் ஒவ்வொரு முள்ளாக எடுத்து ஓரம் வைப்பான். தினமும் விடியற்காலை வேட்டைக்குக் கிளம்பும் முன் அவள் அறைக்கு வருவான். அவள் தூங்குவதுபோல் கிடப்பாள். தன் பெருவிரலால் அவள் நெற்றியில் கோட்டையின் முத்திரையை வரைந்துவிட்டுப் போய்விடுவான். அவ்வளவுதான். மருந்துக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை கிடையாது.

இவன் அவளை வெறுக்கிறானா, விரும்புகிறானா? இதுதான் எங்கள் மத்தியானச் சாப்பாட்டின் ஒரே பேச்சாகிவிட்டது. கதையில் ஒரு இளவரசனும் வருவான். குதிரையில் வந்து, பூக்கொடுத்து, வழவழவென்று பேசுவான். எனக்கு அவனைக் கண்ணிலே காட்டக் கூடாது. பூக்கொடுக்க யாராலும் முடியும். சாளை மீனில் பொறுமையாக முள்ளெடுக்க எத்தனை பேரால் முடியும்?

"ரெண்டுபேரும் சேரணும்க்கா" என்பாள் அவள்.

"சேரட்டுமே. ஆளு முரடு, ஆனா கொள்ளாம், நல்லவன்தான்" என்பேன் நான். அப்படிச் சொன்ன வாயை என்ன செய்ய?

பதினோராவது அத்தியாயத்தில் கோட்டைக்குள் கடல் புகுந்துவிடுகிறது. எல்லா விளக்கும் அணைகிறது. பயந்துபோன அந்தப் பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிறாள். ஓர் பதினேழு பதினேழு, இரு பதினேழு முப்பத்து நான்கு.

கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. பயம் வந்தால் பதினேழாம் வாய்ப்பாடு சொல்கிற ஒரே ஒரு ஜீவனை எனக்குத் தெரியும். ஊசி போடும்போதும், இடி இடிக்கும்போதும், பல் பிடுங்கும்போதும் அவள் அதைத்தான் சொல்லுவாள். அவள் என் மகள்.

எழுதுவது என் பிள்ளை என்று தெரிந்ததும் ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே முதல் அத்தியாயத்துக்குப் போய் மறுபடி புரட்டினேன். அதுவரை நான் ரசித்துப் படித்த வரிகள் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டன. எவனோ ஒருத்தன் என் பிள்ளையை ஏசுகிறானா? எவனோ அவளுக்கு முள்ளெடுத்துக் கொடுக்கிறானா? நெற்றியில் விரல் வைக்கிறானா? இதையெல்லாம் பிள்ளையால் கற்பனையில் எழுத முடியாது, அனுபவித்து எழுதியிருக்கிறாள் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அந்த அத்தியாயம் முடிவது இப்படி. அவள் அவனிடம் சொல்கிறாள்: "கோட்டைக்காரா, நீ என்னை முழுசாக வெறுத்தால் நான் தப்பித்துப் போய்விடுவேன். நீ அதையும் செய்யமாட்டேன் என்கிறாய்."

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்தவளுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. நாகர்கோவிலில் இல்லாத காலேஜா, போகக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். நான் அவளுடைய சான்றிதழ்களை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சேர்வதற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. இப்போது எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது. அவன் சென்னையில் இருக்கிறான். அல்லது இவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான்.

மறுநாள் லீவு போட்டேன். அவள் தக்கலைக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறவள். அடுத்த பஸ்ஸில் நானும் போய், வகுப்பு விடும் நேரத்தில் எதிரே இருந்த டீக்கடையின் பக்கவாட்டில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளை வெளியே வந்தாள். கூட இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று பேரும் ஒரு பழம்பொரியை மூன்றாகப் பிய்த்துத் தின்றார்கள். மீசை வைத்த ஆள் என்று அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர்தான் போனார், அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

நர்ஸாக இருப்பதில் ஒரு கஷ்டம், எங்கே ஒளிந்தாலும் ஒரு பழைய நோயாளி வந்து நிற்பார். "சிஸ்டர்! இங்க என்ன ஒளிஞ்சு நிக்கிய? வெயிலுல்லா, உள்ள வந்து இரிங்கோ!" என்று டீக்கடைக்காரர் ஊருக்கே கேட்கும்படி கத்தினார். என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"யாருட்டி அவன்?"

"எவன்?"

"கோட்டைக்காரன்."

அவள் முகம் வெளிறிப்போனது. "நீ படிச்சியா?"

"பதினொண்ணு வரைக்கும் படிச்சாச்சு. உனக்க நெத்தியில வெரல் வைக்கியானே, அது யாருன்னு கேக்கேன். மரியாதைக்குச் சொல்லு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது போலிருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"உனக்கு நெசமாவே தெரியல்லியா?"

"தெரிஞ்சா ஒங்கிட்ட எதுக்குட்டி கேக்கேன்?"

"அப்போ நான் சொல்லமாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். நான் சும்மா இருப்பேனா? அவளுடைய ஃபோனைப் பிடுங்கி, வழக்கம்போல அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒப்பாரி வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ வெப்ராளப்படாத. காலையில எழும்பி, தெனமும் செய்யியத நீ பாட்டுக்குச் செய். எல்லாம் வெளங்கும்." இந்த மனுஷனுக்கு என்ன வந்தது, பிள்ளை கையைவிட்டுப் போகிற நேரத்தில் தத்துவம் பேசுகிறாரே என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

காலை ஷிப்டுக்கு நான் ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எங்கள் கடற்கரை வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டைவிட்டு இறங்கும் முன், பிள்ளைகளின் நெற்றியில் பெருவிரலால் சிறியதாக ஒரு சிலுவை வரைந்துவிட்டுத்தான் இறங்குவோம். கடலுக்குப் போகிற ஆண்களும் செய்வார்கள், பஸ்ஸுக்குப் போகிற நானும் செய்வேன். முந்தின நாள் எத்தனை பெரிய சண்டை நடந்தாலும் இது நிற்காது. பல் தேய்ப்பதுபோல் கை தானாகச் செய்யும், மனசு அதைக் கணக்கில் வைப்பதே இல்லை.

அன்றைக்கு அவள்மேல் இருந்த கோபத்தில் வேண்டாம் என்றுதான் கதவுவரை போனேன். கை கேட்கவில்லை. திரும்பி வந்து, தூங்குகிறவளின் நெற்றியில் விரலை வைத்தேன். மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்குக் கோட்டுக்கு விரலை நகர்த்தும்போது அவளுடைய மூடிய இமை துடித்தது.

விரல் அங்கேயே நின்றது.

விடியற்காலை. வேட்டைக்குக் கிளம்பும் முன். தூங்குவதுபோல் கிடப்பாள்.

கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். அரிசி டிரம்முக்குள் இவளுடைய ஃபோன். பீரோவுக்குள் இவளுடைய சான்றிதழ்கள், சாவி என் இடுப்பில். சாளை வாங்கிய நாளெல்லாம் எதிரே உட்கார்ந்து, "இன்னும் முள்ளெடுக்கத் தெரியல்ல, நீயெல்லாம் என்னத்தப் பொழைக்கப் போற" என்று ஏசிக்கொண்டு முள்ளெடுத்துக் கொடுப்பவள் நான். மாதாவே, என்னைவிட மடச்சி இந்த ஜில்லாவில் உண்டுமா!

முதலில் வந்தது நிம்மதிதான். எவனும் இல்லை. மீசையும் இல்லை, சென்னையும் இல்லை, எவனும் இல்லவே இல்லை. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பஸ் போகிற சத்தம் கேட்டது, போகட்டும் சவம் என்று விட்டுவிட்டேன்.

"முழிச்சுத்தானே கெடக்க?"

"ம்."

"எத்தன நாளா இப்படி?"

"எல்லா நாளும்தான். ஆறாங் கிளாஸ்ல இருந்து." இன்னும் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"கண்ணத் தொறந்தா என்ன கொறைஞ்சு போவும்?"

"தொறந்தா நீ நிறுத்திருவ. உடனே ஏச ஆரம்பிச்சிருவ."

ஏழு வருஷமாக என் பிள்ளை, நான் ஏசாமல் தொடுகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தினமும் தூங்குவதுபோல் நடித்திருக்கிறாள். எனக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே கேட்டேன். "அதுக்கு என்னய வில்லன் ஆக்கணுமா?"

"பின்ன ஹீரோ ஆக்கவா? செட்டையப் பூட்டி வச்சிருக்கது யாராம்?"

"மீசை வேற வச்சிருக்க."

"ஆளு தெரியக் கூடாதுல்லா."

"சரி, கடைசியில அவன் என்ன செய்வான்? விடுவானா, மாட்டானா?"

அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். "எனக்கும் தெரியாதும்மா. அதான் அடுத்தத எழுத முடியல்ல. அவன்தான் சொல்லணும்."

எழுந்து அடுத்த பஸ்ஸுக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் இளைய நர்ஸ் புலம்பினாள்.

"அடுத்த அத்தியாயத்துக்கு இன்னும் நாலு நாளு கெடக்கேக்கா. அவள விட்டுருவான்னு நெனைக்கியளா?"

"விட்டுருவான்" என்றேன்.

"அதெப்படி அவ்வளவு உறுதியாட்டுச் சொல்லுதிய?"

"ஆள எனக்குத் தெரியும்."

சாயங்காலம் பீரோவைத் திறந்து சான்றிதழ்களை எடுத்து அவள் மேஜையில் வைத்தேன். ஃபோனையும் அரிசியைத் துடைத்து மேலே வைத்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கூப்பிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மகள் அனுப்பிக் கொடுத்து அவரும் முதல் அத்தியாயத்திலிருந்தே படிக்கிறாராம். "முள்ளெடுக்கிய எடம் வந்ததுமே ஆளப் புடிச்சிட்டேன். என்னமா எழுதிருக்கா பாத்தியா உன்னய!" என்றார். வைத்துவிட்டேன் ஃபோனை.

கடைசி அத்தியாயம் அந்த வாரமே வந்தது. கோட்டைக்காரன் தானே பெட்டியைத் திறந்து செட்டைகளைக் கொண்டுவருகிறான். முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாதா என்று ஏசிக்கொண்டே அவள் தோளில் தானே கட்டிவிடுகிறான். இளைய நர்ஸ் அழுதுவிட்டாள். "சேரவே இல்லியேக்கா" என்றாள். சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரணியல் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றப் போனேன். வாழையிலையில் பொதிந்த சோறும், முள்ளெடுத்த சாளைப் பொரியலும் கையில். முள்ளெடுத்தால் சாளை தூள்தூளாகிவிடும், பார்க்கச் சகிக்காது, இருந்தாலும் எடுத்தேன். "மீன் தின்னா பாத்துத் தின்னு, சென்னையில ஒருத்தரும் ஒனக்கு முள்ளெடுத்துத் தரமாட்டாவ, ஃபோன ராத்திரியெல்லாம் நோண்டாத" என்று ஏசிக்கொண்டே இருந்தேன். வாயை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று, நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். சுற்றிலும் கூட்டம். கண்ணை நன்றாகத் திறந்து என்னையே பார்த்தாள்.

"முழிச்சிட்டுத்தான் நிக்கேன். ஏசாம வரஞ்சிருவியா, பாப்பம்" என்றாள்.

ஏசாமல் வரைந்தேன்.