ஞாயிற்றுக்கிழமைத் தீனி

தட்டு மூடியில் தமிழில் எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது, கூட வேலை செய்யும் சுவாதியக்கா என் செல்களுக்கு ஒரே நாளில் இரண்டாவது தடவை தீனி போட்டபோதுதான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், இப்போதும் அப்படித்தான், நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தாலும் எனக்குக் கோபமில்லை.

திருப்பதியில் ஓர் ஆய்வகத்தில் எலிக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வளர்ப்பது எங்கள் வேலை. தட்டில் ஊற்றும் இளஞ்சிவப்புத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தின்று தீர்த்தால் மஞ்சளாகிவிடும். தினமும் மாற்ற வேண்டும், ஞாயிறு, தீபாவளி எதுவும் கிடையாது. தவறினால் அவை ஸ்டெம் செல்லாக இருப்பதை விட்டுவிட்டு வேறு எதுவாகவோ மாறத் தொடங்கிவிடும். எங்களிடம் இருந்தது உறைய வைத்திருந்த கடைசிக் குப்பியிலிருந்து உருக்கி எடுத்த ஒரே தட்டு. "இதி போத்தே அந்தே," என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். இது போனால் அவ்வளவுதான், என் மூன்று வருட உழைப்பும்.

தீனி போட்டதற்கு அடையாளமாக மூடியில் நான் போட்ட டிக்கை நேற்றையது என்று நினைத்துத்தான் அக்கா மறுபடி ஊற்றியிருந்தார். அதனால் தேதி போட்டு, பக்கத்தில் தின்றாயிற்று என்பதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே 'துன்னாச்சி' என்று எழுதத் தொடங்கினேன்.

"ஏமிரா இது, எலிக்குப் பேரு வெச்சியா?" என்றார் அக்கா.

"ஒங்க தெலுங்கு ஜிலேபி எழுத்துக்கு இது தேவல, போக்கா."

மூன்று வாரம் லீவே இல்லை. ஒரு சனிக்கிழமை தீனி போட்டுவிட்டு, ஞாயிறு விடிகாலை பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று சித்தூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். படுத்தவன் எழுந்தது ஞாயிறு இருட்டுகிற நேரத்தில். அம்மாவிடம் கத்தினேன்.

"பொணமாட்டம் தூங்கிக்கினு கெடந்தடா, எழுப்ப மனசு வருமா?"

கடைசி பஸ்ஸும் போயிருந்தது. ஆய்வகச் சாவி என்னிடமும் சுவாதியக்காவிடமும்தான் உண்டு. போன் போட்டால் அவர் சூளூர்பேட்டையில் கல்யாண வீட்டில்.

திங்கள் காலை தட்டு இருக்கும் இன்குபேட்டரைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், திரவம் இளஞ்சிவப்பு, புதுசு. மைக்ராஸ்கோப்பில் செல்கள் உருண்டை உருண்டையாக, விளிம்பு மினுங்க, ஒன்றுகூட மாறாமல் இருந்தன. மூடியில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி, 'துன்னாச்சி', அச்சாக என் கையெழுத்து. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: 'நீ துன்னியா?'

"ஒங்க எழுத்து ஒண்ணுகூட எனக்கு ராதுரா, எழுதவும் வராது," என்று சுவாதியக்கா சத்தியம் செய்தார். அந்த ஞாயிறு முழுக்க நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது செல்கள் பெருகி ஆறு குப்பிகளில் உறைய வைத்தாகிவிட்டது, ஒரு தட்டைப் பணயம் வைக்கலாம். இந்தச் சனிக்கிழமை மூடியில் பதில் எழுதிவிட்டு, ஞாயிறு தீனி போடாமல் ஊருக்கு பஸ் ஏறப்போகிறேன். பொய்யாவது 'துன்னுட்டேன்' என்றுதான் எழுதுவேன். 'இல்லை' என்று எழுத தைரியம் வரவில்லை.