பட்டியலில் விடுபட்ட ரோசா

முதல் முடிச்சு வலிக்கவில்லை. வலது நடுவிரலின் பின்புறம், நகத்துக்குச் சற்று மேலே, மிளகளவு ஒரு தடிப்பு. ஜூன் மாதத்தின் முதல் கிழமை. நுளம்புக் கடி என்று நினைத்தேன். நுளம்பு கடித்தால் அரிக்க வேண்டும். இது அரிக்கவுமில்லை.

கையில் இப்படி ஒன்றைக் கண்டு, என்னவென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதித்துத் திருத்துகிற டெக்னீசியன். பிழை எங்கே என்று தெரியாதபோது, சந்தேகப்படக்கூடிய எல்லாவற்றையும் எழுதிவைத்து, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். அந்தப் பழக்கம் இந்த நோயில் எனக்கு உதவியது. ஓரிடத்தில் என்னை நன்றாக ஏமாற்றியும் விட்டது.

இரண்டு கிழமைகளில் தடிப்பு ஊதா நிறமாகி, நடுவில் உடைந்து, நீர் கசியத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை. வெக்ஸ்போர்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாசாவில் இருக்கும் குடும்ப வைத்தியரிடம் போனேன். அவரும் யாழ்ப்பாணத்தவர். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோட்டவேலை ஏதும் செய்யிறனீரோ?" என்று கேட்டார்.

"இல்லை, டொக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் பின்வளவில் அம்மா வைத்திருக்கிற மிளகாயும் தக்காளியும். அதில் நான் கைவைப்பதில்லை. அவர் பத்து நாளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி (பக்டீரியாவைக் கொல்லும் மருந்து) எழுதித் தந்தார்.

மருந்து முடிந்த அன்று மணிக்கட்டுக்குக் கீழே இரண்டாவது முடிச்சு இருந்தது. அடுத்த கிழமை முன்கையில் மூன்றாவது. பிறகு நான்காவது. தோலுக்கடியில் உருட்டிவிட்ட பயறு போல, ஒன்றன்பின் ஒன்றாக, முழங்கையை நோக்கி. வீட்டில் கிடந்த வேர்னியர் இடுக்கியால் ஞாயிறு தோறும் அவற்றை அளந்தேன். பேனையால் சுற்றி வட்டம் போட்டேன். ஜூலை நடுவில் ஆறு வட்டங்கள். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அந்த வரிசை பயத்தையும் மீறி என்னை இழுத்தது. எந்தப் பாதையில் இவை ஏறுகின்றன? இரத்தக் குழாயின் பாதையில் இல்லை. நரம்பின் பாதையிலும் இல்லை. நூலகத்தில் ஓர் உடற்கூற்றுப் படத்தைத் தேடிப் பிடித்து என் கையுடன் ஒப்பிட்டேன். நிணநாளங்கள் (உடலின் இழையங்களில் ஊறும் நீரைத் திரும்ப இரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய குழாய்கள்) போகும் வழி அது. அப்படியொரு குழாய் என் கையில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆஸ்பத்திரியில், நாங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்று கேட்டதும் காசநோயா என்று பார்த்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அது இல்லை என்று ஆகும்வரை, அம்மா பிக்கரிங்கில் இருக்கும் சித்தியிடம்கூட வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர் முடிச்சுகளைக் கீறித் துப்புரவாக்கலாம் என்றார். ஓகஸ்ட் கடைசியில் நாளும் குறித்தார். அதன்பின் குறைந்தது ஆறு கிழமை வலது கை கட்டுப் போட்டபடி இருக்கும்.

வேலையில் எனக்கு அப்போது தகுதிகாண் காலம். செப்டெம்பரில்தான் நிரந்தரம். உருக்கிய ஈயத்தால் பற்றாசு வைப்பதும், உருப்பெருக்கியின் கீழ் அரிசியிலும் சிறிய பாகங்களைக் கழற்றி மாட்டுவதும் வலது கையால். ஆறு கிழமை கையில்லாத டெக்னீசியனுக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை. விரல் பிறகு பழையபடி மடங்குமா என்று கேட்டேன். பெரும்பாலும் மடங்கும் என்றார். 'பெரும்பாலும்' என்ற சொல்லுடன் வீட்டுக்கு வந்தேன்.

கத்திக்கு முன்னர் தோல் நோய் நிபுணர் ஒருவரையும் பார்த்துவிடும்படி குடும்ப வைத்தியர் கடிதம் தந்தார். அந்தச் சந்திப்புக்காகத்தான் பட்டியலைத் தயாரித்தேன். காலையில் எழும்புவது முதல் இரவு படுப்பது வரை, வலது கை தொடுகிற எல்லாம், மணிக்கணக்காக. பற்றாசு, அதைப் பிடிக்கவைக்கும் இளக்கி, கழுவும் மதுசாரம், பஸ்ஸின் கைப்பிடி, மீன், பிட்டுக்குக் குழைக்கும் மா. வேலைத்தலத்துக் கணினியில் அடித்து, பிளொப்பியில் சேமித்து, ஐந்து பக்கம் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

நிபுணர் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. ஐந்து பக்கத்தையும் ஒரு வரி விடாமல் வாசித்தார். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஆறு மணிக்குக் குளியல், ஆறரைக்குத் தேநீர் என்றிருக்கிறதே, அந்த அரை மணி நேரம் எங்கே போனது என்று கேட்டார். கும்பிடுகிற நேரம் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். பேசுவதைவிட அதிகமாக ஆங்கிலம் விளங்குகிறவர்.

"பூ ஆயிறதைச் சொல்லேல்லையே, பிள்ளை?"

"அது சாமி வேலையம்மா."

"சாமி வேலை எண்டாலும் கை உன்ர கைதானே."

நான் திரும்பி வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டு முன்புறத்தில் ஆறு ரோசாச் செடிகள். இரண்டு, வீட்டுடன் வந்தவை. நான்கை ஏப்ரல் கடைசியில் நானே நட்டேன். இலையில்லாத வெறுங்கொம்புகளாக, வேரைச் சுற்றி ஈரப்பாசி வைத்து, பிளாஸ்டிக் பையில் வந்தவை. குழிக்குள் மண்ணைக் கூம்பாகக் குவித்து, வேர்களை அதன்மேல் விரித்து, ஒட்டுக் கணுவை (கிளையை வேர்த்தண்டில் ஒட்டிய இடம்) இந்த ஊர்க் குளிருக்காக இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கினேன். ஈரம் நிற்கட்டும் என்று அந்தப் பாசியையும் அடியில் பரப்பினேன். பழைய செடிகளில் மே மாதம் முழுக்கக் காய்ந்த கொம்புகளை ஒடித்தேன். ஜூனிலிருந்து தினமும் குளித்துவிட்டு, வாயில் தண்ணீர்கூட விடாமல், செடியிலிருந்து சாமிக்குப் பூ ஆய்ந்தேன். எல்லாம் வெறுங்கையால்.

பாசி என்றதும் வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார்.

ஏன் வெறுங்கை என்பதையும் சொல்ல வேண்டும். செடி வாங்கிய அன்றே முழங்கை வரை நீளும் தோல் கையுறை ஒன்றும் வாங்கினேன். அம்மா அதைக் கதவுக்குள் வரவே விடவில்லை.

"சாமிக்கு வைக்கிற பூவை மாட்டுத்தோலால தொடுறதே?"

"மிருதங்கம் மாட்டுத்தோல்தானேயம்மா? அதைச் சாமிக்கு முன்னாலதானே அடிக்கினம்."

"அடிக்கினம்தான். மிருதங்கத்தைத் தூக்கி ஆரும் சாமிக்குச் சாத்துறேல்லை."

கையுறையைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

நிபுணர் ஒரு பெயரைச் சொல்லி எழுதியும் காட்டினார். ஸ்போரோட்ரிகோசிஸ் (மண்ணிலும் பாசியிலும் முள்ளிலும் வாழும் ஒரு பங்கசு, அதாவது பூஞ்சணம், தோல் கீறலுக்குள் புகுவதால் வரும் நோய்). ரோசா வளர்ப்போருக்கு வருவதென்று பேர்பெற்றதாம். கீறலுக்கும் முதல் முடிச்சுக்கும் இடையில் பல கிழமைகள் போகலாம். அதனால்தான் இரண்டையும் யாரும் சேர்த்து நினைப்பதில்லை. பங்கசுதான் என்றால் கத்தி தேவையில்லை. ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. நான்காவது முடிச்சில் பயாப்சி (சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது) செய்து, அதை ஆய்வுகூடத்தில் வளர வைத்தார்கள். கத்திக்குக் குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பங்கசு வளர இரண்டு கிழமைகூட ஆகலாம் என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு நோய் சீக்கிரம் வளர வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி வந்தது. வளர்ந்துவிட்டது. சத்திரசிகிச்சையை நிபுணரே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். எந்த நோயாளியும் இப்படிக் கேட்டதில்லை என்று சிரித்துவிட்டுச் சம்மதித்தார். கண்ணாடிக் குழாய்க்குள், சுருங்கிய ஈரக் கடதாசி போல வெள்ளையாக ஒன்று. ஓரங்கள் கோப்பி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அறைக் குளிரில் அது இப்படி நூல் நூலாக வளரும், உடல் சூட்டுக்குள் போனால் வட்ட வட்டக் கலங்களாக உருமாறிவிடும் என்றார். ஒரே உயிர், இரண்டு வடிவம். வீட்டில் அம்மாவுக்கு விளக்கினேன்.

"உதுவும் எங்களைப் போலத்தான்," என்றார் அம்மா. "வந்த இடத்துக்கு ஏத்த மாதிரி மாறிப்போட்டுது."

மருந்து, பொட்டாசியம் அயடைட்டின் செறிந்த கரைசல். மிகப் பழைய மருந்து. தைரொயிட் (கழுத்திலுள்ள சுரப்பி) சரியாக இருக்கிறதா என்று இரத்தம் சோதித்துவிட்டுத்தான் தந்தார்கள். ஐந்து சொட்டு, நாளுக்கு மூன்று வேளை. பிறகு வைத்தியர் சொன்னபடி சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். உங்கள் கணக்கு வேறாக இருக்கும், என்னுடையதைப் பின்பற்ற வேண்டாம். பாலில் கலந்து குடித்தேன். மாணவியாக இருந்தபோது ஒன்பது வோல்ட் பற்றரி வேலை செய்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்போம். இப்போது நாள் முழுக்க வாயில் அந்தச் சுவை. மூக்கு ஓடியது. தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கின. சொட்டு கூடக் கூட இவை கூடும், பயப்பட வேண்டாம். ஆனால் வைத்தியரிடம் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

இந்தப் பங்கசுக்குச் சூடு பிடிக்காது. அதனால் தாங்கக்கூடிய சூட்டில் ஈரத்துவாயை முடிச்சுகள்மேல் வைக்கச் சொன்னார்கள். அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார். நான் இருந்த பக்கம் பார்க்காமல், துவாயை மட்டும் பார்த்துக்கொண்டே பிழிவார். ஒருநாள், செடி முழுவதையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றார். மண் எங்கும் இருப்பதுதான் இது, செடியில் குற்றமில்லை என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். பாசியை மட்டும் எடுத்துக் கட்டி எறிந்தோம். அம்மாவின் பதில் சில நாள் கழித்து வந்தது. என் பழைய ஜீன்ஸ் இரண்டை வெட்டி, மூன்று மடிப்பாக வைத்து, முழங்கை வரை ஒரு சோடி கையுறை தைத்திருந்தார். பெருவிரல் ஒன்று சரியாக அமையவில்லை. அந்தக் கையுறை சாமியறைத் தட்டில்தான் இருக்கும். வேறு எதற்கும் எடுக்கக்கூடாது.

வேலையில் மேலாளரிடம் நோயின் பெயரையும், இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்ற கடிதத்தையும் கொடுத்தேன். விரலில் சிறு கட்டுடன் பற்றாசு வைத்தேன். செப்டெம்பரில் நிரந்தரமாக்கினார்கள். வீட்டில் ஒரு வரைபடம் வைத்திருந்தேன். ஒரு கோடு சொட்டுகள், மற்றது முடிச்சுகளின் அகலம். ஐந்தாம் கிழமையில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டின. நவம்பரில் செடிகளின் அடியில் முழங்கால் உயரத்துக்கு மண் குவித்தபோது கடைசி முடிச்சும் தட்டையாகிவிட்டிருந்தது. அதன்பிறகும் ஒரு மாதம் மருந்தை நிறுத்தக்கூடாது. மறைந்துவிட்டது என்பதும் முடிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. கடைசிச் சொட்டைக் குடித்த அன்று செடிகள் பனிக்கு அடியில் இருந்தன.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. முடிச்சுகள் வரிசையாக ஏறினால், மண்ணையும் முள்ளையும் பற்றி நீங்களாகவே வைத்தியரிடம் சொல்லுங்கள். பட்டியல் எழுதினால், யோசிக்காமல் செய்கிற காரியங்களை முதலில் எழுதுங்கள்.

இப்போது ஏப்ரல் கடைசி. கையில் ஆறு மங்கிய அடையாளங்கள். சுடுநீரில் குளித்தால் மற்றத் தோலுக்கு முன்னர் அவை சிவக்கின்றன. முன்னர் என் கை எனக்கு ஒரு கருவி. இப்போது அதற்குள் ஒரு மெதுவான நீர் விரலிலிருந்து மேலே போய்க்கொண்டே இருப்பது தெரிகிறது. தெரு முழுக்க மஞ்சள் போர்சித்தியா பூத்துவிட்டது. ரோசாவை வெட்டும் காலம் அதுதான். இன்று காலை ஜீன்ஸ் கையுறையுடன் இறங்கினேன். கொம்பை வெட்டினால் உள்ளே பழுப்பு. இன்னும் கீழே, பழுப்பு. இன்னும் கீழே, உயிருள்ள வெள்ளை. அங்கே நிறுத்தினேன்.

கடைசிச் செடியில் ஒரு முள் பெருவிரல் தையலுக்குள்ளால் புகுந்து கீறிவிட்டது. உள்ளே வந்து சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். நாட்காட்டியில் இன்றைய திகதியில் ஒரு புள்ளி வைத்தேன். ஆறு கிழமை தள்ளி ஒரு வட்டம் போட்டேன். முதல் பூ வரும் காலமும் அதுதான். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. கைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம்.