டி மைனரில், மிக மெதுவாக

எங்கள் அக்கா இறைவனிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்காவைச் சாந்தமே உருவானவர் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினால் அக்காவே சிரிப்பார். காதுக்கு ஒவ்வாத எதையும் அவர் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை.

அக்கா பிறந்தது இரும்பை கிராமத்துக்குப் பக்கத்தில். அப்பா கொத்தனார். அம்மா வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போவார். திண்டிவனத்தில் கன்னியர் விடுதியில் அக்கா படித்துக்கொண்டிருந்தபோது, சாரம் சரிந்து அப்பா இறந்தார். அடக்கத் திருப்பலியில் ஒரு சிஸ்டர், காலால் மிதித்துக் காற்றடிக்கும் ஆர்கனில், ஐரோப்பாவில் எந்தக் காலத்திலோ எழுதப்பட்ட ஓர் இசையை வாசித்தார். சுருதி டி மைனர். துக்கத்துக்கென்றே வைத்ததுபோன்ற சுருதி அது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு பெருமூச்சு விட்டுவிடலாம், அவ்வளவு மெதுவான நடை. ஊரே ஒப்பாரி வைத்தபோது அழாமல் நின்ற அக்கா, அதைக் கேட்டுத்தான் அழுதார்.

“எனக்கும் இத சொல்லிக் குடுங்க சிஸ்டர்” என்று கல்லறையிலிருந்து திரும்பும் வழியிலேயே கேட்டாராம்.

கற்றுக்கொண்டார். பள்ளியில் இசை ஆசிரியையானார். அந்தச் சம்பளத்தில்தான் என்னை நர்சிங் படிக்க வைத்தார். திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். எங்கள் கோவிலுக்கு உட்பட்ட பங்கில் எந்தத் தெருவில் சாவு என்றாலும், பெரிய வீடு சின்ன வீடு பார்க்காமல், கோவிலில் அதே இசையை வாசிப்பார். அழைக்காத வீட்டுச் சாவுக்கும் போய் வாசித்திருக்கிறார்.

எங்கள் பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், விழுப்புரத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். “உன் வாசிப்பு நெலைக்கணும்மா” என்று சொல்லி மைக்கோடு கோவிலுக்கு வந்து பதிவு செய்துகொண்டு போனார். அக்கா அவருக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்து போட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் அறையில் ஒருநாள் பக்கத்துக் கட்டில்காரரின் போன் அடித்தது. கீச்சுக் குரலில் ஓர் ஆர்கன், ஐஸ் வண்டி போவதைப் போல. அடியில் டமடமவென்று டிரம்ஸ். அக்கா கண்ணைத் திறந்தார்.

“இன்னாடி இது? நம்ம பாட்டு மாதிரி கீது?”

கேட்டுப் பார்த்தேன். அக்காவின் வாசிப்பேதான். சுருதியை உயர்த்தி, வேகத்தை இரண்டு பங்காக்கி, தாளம் சேர்த்திருந்தார்கள். அண்ணன் இணையத்தில் போட்டிருந்த வீடியோவில் அக்காவின் முகத்துக்கு இரண்டு பக்கமும் பலூன் பறந்தது.

“ச்சீ” என்றார் அக்கா. “என் கைய அறுத்து எட்த்துக்கினு போயி ஆட வுட்டுக்கிறான்டி.”

அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

“அது அழுவாச்சியா கீதும்மா, யாரு கேப்பாங்க? இப்ப பாரு, கல்யாண மண்டபத்துல எல்லாம் போட்டுக்கினு கீறாங்க.”

“அது சாவுக்கு வாசிக்கிறதுண்ணா. எட்த்துடுங்க. பழசக் குடுங்க.”

“பழச அழிச்சாச்சி. பேஜாரு பண்ணாதம்மா, ஒடம்பப் பாத்துக்கோ.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மிதிக்க முடியவில்லை. நான் தரையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மிதிகட்டையை மாற்றி மாற்றி அமுக்கினேன்.

“ஜல்தி பண்ணாதடி. நீ ஓடுனா அதுவும் ஓடும். அப்பாவத் தூக்கிக்கினு போனாங்களே, அந்த நட.”

அந்த நடையிலேயே அமுக்கினேன். பக்கத்தில் ஓடவிட்டிருந்த என் போனில் அது பதிவானது. கட்டையின் கிறீச்சும் என் மூச்சிரைப்பும் அதில் கேட்கின்றன. அழிக்கட்டுமா என்றேன். “இருக்கட்டும். இது நம்மளுது” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் கோவில் படி ஏறவில்லை.

அக்காவின் அடக்கத்தன்று அண்ணன் பெரிய ஸ்பீக்கர் கட்டிய வண்டியோடு வந்தார். பெட்டியை மூடுவதற்கு முன்பே அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டது, டமடமவென்று. பின்னால் யாரோ தாளம் போட்டார்கள். ஒயரைப் பிடுங்கினேன்.

“இன்னாம்மா, ஆசயா செஞ்சி எட்த்தாந்தா இப்பிடி பண்ற?”

“இது எங்க அக்கா இல்ல. எட்த்துக்கினு போங்க.”

“சாவு ஊட்ல சண்ட இன்னாத்துக்குடி?” என்றார் சித்தி. கோவிலில் என் போனை மைக்குக்கு முன்னால் பிடித்தேன். அக்கா தன் அடக்கத்துக்குத் தானே வாசித்தார்.

அண்ணனின் அந்த வீடியோ இணையத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இந்த மலரின் பின்னட்டையில் அதைப் பார்ப்பதற்கு போனில் ஸ்கேன் செய்யும் கட்டம் ஒன்றை அச்சடிக்கச் சொல்லி அண்ணன் போன மாதம் கேட்டார். மறுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். முயல்கிறேன். இதுவரை முடியவில்லை.

டயாலிசிஸ் அறையில் அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றிய ஆட்டோக்காரருக்கும், ஆர்கனைப் பழுதுபார்த்துக் கொடுத்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. பெரியப்பா மகனுக்கு நன்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்று திருப்பலியின் முடிவில் அக்காவின் மாணவி ஒருவர் அந்த இசையை வாசிப்பார். மெதுவாகத்தான் இருக்கும். அவசரப்படுகிறவர்கள் முன்னதாகவே எழுந்து போகலாம். சாப்பாடு தயாராக இருக்கிறது.