அண்ணனின் முதுகில் அண்ணியின் கை

கனகா அண்ணி காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் அண்ணன்தான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை, விம்கோ நகரில் என் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் வந்தது.

“டேய் நைனா, உங்கண்ணி ஏந்துக்கல. நான் குளிச்சிட்டு சட்டை போடாம நின்னுகினு கீறேன். பிளாஸ்திரி ஒட்டணும்ல?”

“எய்ப்பிப் பாத்தியாண்ணா?”

“எய்ப்பிட்டேன்டா. கையி ஜில்லுனு கீது.”

திருவொற்றியூருக்கு ஓடினேன். அண்ணி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று வந்து பார்த்த மருத்துவர் சொன்னார். எனக்கு இதுவரை அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறேன். அதற்குள் அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

அண்ணி புளியந்தோப்பில் பிறந்தவர். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஒன்றில் உள்பாவாடை விற்றார். “இது ரெண்டு தொவைக்கே சாயம் வுட்டுடும்மா, வாணாம்” என்று வாங்க வந்த பெண்களிடம் முதலாளியின் காதுபடவே சொல்லுவார். முதலாளி கத்துவார். அந்தப் பெண்கள் அடுத்த முறை அண்ணியைத்தான் தேடிக்கொண்டு வருவார்கள்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒருநாள் வேலைக்குப் போவதாகக் கிளம்பி, ராயபுரத்தில் வழி தெரியாமல் நின்றார். அல்சைமர் என்றார்கள். மருந்தால் குணமாகாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவலாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் அண்ணி என்னிடம் சொன்னார்:

“கொஞ்ச நாளு புடிச்சி வெச்சிக்குமாம் தம்பி. அதுவரைக்கும் என்னைய கனகுன்னு கூப்புடுவாரில்ல. போதும்.”

சீக்கிரமே கடை வேலையையும் விட்டார்.

முதலில் கொடுத்த மாத்திரை அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்து இளைத்துப்போனார். அதனால் தோலில் ஒட்டுகிற மருந்துக்கு மாற்றினார்கள். நாங்கள் அதைப் பிளாஸ்திரி என்போம். தினமும் காலையில் குளித்துத் துடைத்ததும், முந்தின நாள் ஒட்டியதை அண்ணி முதலில் உரித்தெடுப்பார். பசைப்பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் குப்பையில் போடுவார். கையைக் கழுவிவிட்டு வந்து, புதியதை வேறோர் இடத்தில், அண்ணனின் கைக்கு எட்டாத மேல்முதுகில் வைத்து, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருப்பார். சத்தக்காரரான அண்ணன் அந்த நேரத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

முதுகு வலிக்கிறது என்று அண்ணன் சொன்னதைக் கேட்டு, எதிர்வீட்டு மேரியக்கா வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்தார். அண்ணி வாங்கவில்லை. “சூடு பட்டா மருந்து சர்ருனு உள்ள எறங்கிடுமாம்க்கா. டாக்டரு சொல்லிகீறாரு.” இருமல் மருந்தாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அண்ணனுக்குக் கொடுக்க மாட்டார்.

ஒருமுறை அவர்களுடைய மகன் ரவி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், “உங்கம்மா இன்னும் ஒட்டலடா” என்றாராம் அண்ணன். ரவி சட்டையைத் தூக்கிப் பார்க்காமல், சட்டைக் கழுத்து வழியாகக் கையை விட்டு இன்னொன்றை ஒட்டிவிட்டான். மதியத்துக்குள் அண்ணன் வியர்த்து, வாந்தி எடுத்து, கக்கூசில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாடித்துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி வந்த வேகத்தில் சட்டையைத் தூக்கினார். முதுகில் இரண்டு பிளாஸ்திரிகள். இரண்டையும் உரித்து மருத்துவரிடம் காட்டினார். அண்ணன் பிழைத்துக்கொண்டார். எப்போது மறுபடி ஒட்டலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே அண்ணி அடுத்ததைப் பிரித்தார்.

வராந்தாவில் அழுதுகொண்டிருந்த ரவியை அவர் திட்டவில்லை. “அவரு சொல்றத கேக்காதடா. மொதல்ல முதுக பாரு” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை, வீடு நிறைய ஆட்கள். அண்ணன் சட்டையில்லாமல் அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் பிளாஸ்திரி கேட்டார். மேரியக்கா மனசு பொறுக்காமல் புதியதைப் பிரித்துவிட்டார்.

“இருங்கக்கா” என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

முந்தின நாள் அண்ணி ஒட்டியது, வலது தோளுக்குக் கீழே அப்படியே இருந்தது. அவருடைய கை கடைசியாக அழுத்தியது அதைத்தான். விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நின்றேன். விட முடியாது. உரித்தேன்.

“மெதுவாடா. கனகு இப்டி இய்க்க மாட்டா.”

“சரிண்ணா.”

மடித்துப் போட்டேன். கையைக் கழுவினேன். இடது பக்கம் புதியதை வைத்து அழுத்தினேன். அண்ணன் கண்ணை மூடவில்லை. திரும்பித் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரவி வந்து சேர்ந்ததும், அண்ணியின் பெற்றோர் அடங்கிய மூலக்கொத்தளம் மயானத்திலேயே அவரையும் அடக்கம் செய்தோம். குழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தபோது நல்ல வெயில். அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்து, அண்ணியின் முகத்துக்கு மேலே பிடித்தார்.

“மூஞ்சில வெயிலு அடிக்குதுடா. சீக்கிரம் வூட்டுக்கு இட்டுனு போலாம்.”

துண்டு ஒரு பக்கம் சரிந்தது. துண்டின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். வெட்டியான் எங்களைப் பார்த்து, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அண்ணன் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார், அண்ணி. சாப்பிடுகிறார். தூங்குகிறார். உங்களுக்கு எங்கள் எல்லோருடைய வணக்கம்.