அக்காவின் மூச்சில் பழ வாசம்

புளியந்தீவில் ஒரு கடையில் விற்பனைப் பெண் நகப்பூச்சு அழிக்கும் போத்தலைத் திறந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பல்லைக் கடித்தேன். அழுகத் தொடங்கிய அன்னாசி போல, அதற்குள் மருந்து நெடி. போன வருடம் அம்மன் கோயில் சடங்கில் என் அக்காவின் வாயிலிருந்து வந்த அதே வாசம்.

அக்கா பருத்தவள். பனிச்சங்கேணியில் அவள் ஏறினால் தோணி தாழும் என்று சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். தீமிதிக்க நேர்ந்து காப்புக் கட்டியிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் தீமிதித்து முடியும்வரை கோயில் வளவைத் தாண்டக்கூடாது. ஒருநேரச் சாப்பாடு, விரதம்.

"வாய் ஒரு மாதிரி மணக்குதக்கா."

"விரதக்காரிர வாய் மறுகா எப்பிடி மணக்கும்? மல்லிகப்பூவாட்டமா?"

செம்பு செம்பாய்த் தண்ணீர் குடித்தாள். வெக்கை என்றார்கள்.

கோயில் வளவுக்குள்ளேயே கூடாரம் அடித்திருந்தார்கள், உடல் மெலிய வைப்பதாகச் சொல்லும் ஒரு கூட்டம். குழாயில் ஊதினால் மூச்சை வைத்தே உடம்பின் கோளாறைச் சொல்லுமாம் கருவி. அக்கா ஊதினாள். திரையில் கோடு உச்சிக்கு ஏறியது. வெள்ளைக் கோட் போட்ட ஒருவன் கைதட்டினான்.

"சூப்பர் அன்ரி! கொழுப்பு எரியுது. இப்பிடியே விடாமப் பிடியுங்க."

"தம்பி, கேட்டியா மனே? அம்மாள் கரைக்கிறா!"

"சீனி பாத்தீங்களா?" என்றேன் அவனிடம்.

"அது எங்கட வேலை இல்ல அண்ணன்."

இன்றும் எரிகிறது எனக்கு. பட்டினி கிடந்தாலும் மூச்சில் அந்த வாசம் வரும். இரத்தத்தில் சீனி வழிந்தும் உடம்புக்கு எட்டாமல், உடம்பு தன் கொழுப்பையே கண்டபடி எரித்து நஞ்சாகும்போதும் வரும், இன்னும் கடுமையாய். எது என்று கருவி பிரித்துச் சொல்லவில்லை. வாயுள்ளவன் கேட்டிருக்கலாம்: தாகமா, அடிக்கடி சலம் போகுதா? விரலில் ஒரு குத்துக் குத்தியிருக்கலாம். பருத்த பொம்புளை மெலிகிறாள் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை, கைதட்டுகிறார்கள். ச்சீ.

மறுநாள் வாந்தி. மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"காப்போட வளவு தாண்ட ஏலாதுடா."

"தீக்குழியில இறங்க உசிர் வேணுமேக்கா!" கத்திவிட்டேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

அக்கா அம்மன் வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தன் கையாலேயே காப்பை அவிழ்த்துப் படியில் வைத்தாள். அவள் அழுததை நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திச் சீனி எகிறியிருப்பதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. இன்னும் பிந்தியிருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் வார்ட்டு வாசலில் என்னை மறித்தார்கள்.

"பயப்படாதங்கக்கா."

அக்கா பிராணவாயு முகமூடியைக் கையால் விலக்கினாள்.

"எனக்கென்ன பயம்? அந்த ஊதுகுழல்காரன் இன்னும் கோயிலடியிலதான் நிப்பான். போய்ச் சொல்லு, அடுத்தவள்ட விரலக் குத்திப் பாத்திற்று மறுகா கைதட்டட்டாம். ஓடு!"